பாரிஸ் வழியாக எனக்கு வந்து சேர்ந்த கோயம்புத்தூர் தாயி

நான் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். அம்மா சன்மார்க்க சங்கத்தில் பாடுவார், வீட்டில் ரேடியோவில் கச்சேரி ஓடிக்கொண்டே இருக்கும், பத்து வயதிலிருந்து நானும் கேட்கிறேன். அப்படியும் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கோயம்புத்தூர் தாயி என்று ஒரு பாடகி இருந்தது எனக்கு 38 வயதுவரை தெரியாது. தெரியவைத்தது ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய பாட்டு.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் பியானோ வாசிப்பவர், மேற்கத்திய சங்கீதத்திலேயே ஊறியவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "மெட்ராஸ்னே ஒரு பாட்டு இருக்கு, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று ஓர் ஒலிப்பதிவை அனுப்பினார். மொரீஸ் டிலாஜ் எழுதிய நான்கு இந்துக் கவிதைகள், பாடியவர் ஜேனட் பேக்கர். ஒரு பெண் குரல், கூட நாலைந்து தந்தி வாத்தியம், குழல் வகைகள் கொஞ்சம். மெட்ராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஊர்ப் பெயர். மெட்ராஸ் பாட்டு அழகாக இருந்தது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. லாகூர் ஆரம்பித்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செல்லோக்காரர் வில்லை விட்டுவிட்டுத் தந்தியை விரலால் சுண்டுகிறார், அந்த ஒலி அடங்குவதற்குள் இன்னொரு விரலால் அதை அப்படியே அடுத்த சுரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். வீணையில் நாம் ஜாரு என்று சொல்வது. பின்னால் அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டே பாடும் ஓர் இடம் வருகிறது, அங்கே சொல்லே கிடையாது, குரல் மட்டும்.

டிலாஜ் யார் என்று தேடிப் படித்தேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் மாணவர். அப்பாவுக்கு ஷூ பாலிஷ் வியாபாரம், அந்த வசதியில் 1912இல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். இங்கே நேரில் கேட்டதோடு நிற்காமல் கிராமபோன் தட்டுகளையும் கேட்டு, அவற்றிலிருந்து எழுதியிருக்கிறார். இந்த நான்கு பாட்டும் 1914 ஜனவரியில் பாரிசில் அரங்கேறின. அதே மாலையில் ராவேலின் புதுப் படைப்பும் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் புதுப் படைப்பும் அரங்கேறியிருக்கின்றன. அந்தக் கூட்டத்தின் நடுவில் நம் ஊர்த் தட்டுகளின் சாயல் உட்கார்ந்திருந்தது என்று நினைத்தாலே எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அப்புறம்தான் அவருடைய இன்னொரு பாட்டு கண்ணில் பட்டது. பெயர் ராகமாலிகா. தலைப்புக்குக் கீழே பிரெஞ்சில் 'தமிழ்ப் பாட்டு' என்று போட்டிருக்கிறார். குரலும் பியானோவும் மட்டும். முதல் இரண்டு தடவை பிரெஞ்சு என்று நினைத்தே கேட்டேன், பாடியவரின் உச்சரிப்பு அப்படி. மூன்றாவது தடவை, ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனில் கேட்டபோது காதுக்குள் தமிழ் வந்து விழுந்தது. நம் சொற்களைத் தெரியாத ஒருவர், எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு நெடிலையும் பக்குவமாக இழுத்துப் பாடுகிறார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.

அந்தப் பாட்டில் ஒரு விஷயம். பியானோவின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு சுரத்தின் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொல்லி டிலாஜ் எழுதியிருக்கிறார். அந்தச் சுரத்தின் கட்டையை அழுத்தினால் மணி போல ஒலிக்காமல் மட்டுப்பட்ட ஒரு 'தொம்' வரும். மேளச் சத்தத்துக்காகச் செய்தது. பியானோவுக்குள் சாமான்களைச் செருகி வாசிப்பது என்றால் எல்லோரும் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சொல்வார்கள், அவருக்கு இருபது வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே ஒரு தமிழ்ப் பாட்டுக்காக இது நடந்திருக்கிறது. இதை ஏன் நம் ஆட்கள் இன்னும் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம்.

சரி, அவர் எந்தத் தட்டைக் கேட்டு இதை எழுதினார்? கோயம்புத்தூர் தாயி பாடிய, வள்ளலாரின் அருட்பாத் தட்டு. கிட்டத்தட்ட அதைப் பார்த்து எழுதினது போலவே எழுதியிருக்கிறார் என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தாயியின் சொந்தப் பெயர் பழனி குஞ்சரம். 1872இல் பிறந்தவர், தேவதாசி மரபு, சென்னையில் இருந்து பாடிப் பெரிய பெயர் வாங்கி, 1917இல் 45 வயதில் போய்விட்டார். இந்த வருஷங்களை எழுதிப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. வள்ளலார் சித்தி அடைந்தது 1874. தாயி அந்தத் தட்டைப் பாடியபோது அது நடந்து 40 வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இன்று நமக்கு அருட்பா என்றால் தைப்பூசம், வடலூர், காலங்காலமாக இருந்துவரும் ஒன்று. அவருக்கோ அது நேற்றைய பாட்டு. வள்ளலார் பாடியது அருட்பாவா மருட்பாவா, அருளால் வந்ததா மயக்கத்தில் வந்ததா என்ற சண்டை ஓயாத காலத்தில் அதை எடுத்து ராகமாலிகையாகப் பாடித் தட்டிலும் ஏற்றியிருக்கிறார்.

அவருடைய பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பழைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள் பொறுமையாக எண்ணிம வடிவத்துக்கு மாற்றி ஏற்றியிருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி நமஸ்காரம். ஆனால் முதல் தடவை கேட்பவர்கள் ஓடிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், தொடக்கத்தில் கேட்பது வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம்தான். மைக் இல்லாத காலம். ஒரு பெரிய தகரக் குழாயின் வாய்க்குள் பாட வேண்டும், அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். அதனால் குரலைத் தவிர மற்றதெல்லாம் தூரத்தில் கேட்கும். பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம், அதற்குள் முடித்தாக வேண்டும். இரண்டாவது மூன்றாவது தடவையில் காது அந்த இரைச்சலைத் தானே ஒதுக்கிவிடும், நம்பிக் கேளுங்கள்.

எனக்கு இரைச்சலைவிட வேறு ஒன்று இடித்தது. அந்தக் காலத்துப் பாடகி ஒருவரின் ஒரே தட்டை இரண்டு பேர் ஏற்றியிருந்தார்கள், ஒன்றுக்கும் மற்றதற்கும் அரைக் கட்டை வித்தியாசம். ஒன்றில் குரல் கீச்சென்று பொம்மை மாதிரி, பிருகா என்கிற வேகமான சுரக்கோவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகிறது. விசாரித்தபோது ஒரு சேகரிப்பாளர்தான் விளக்கினார். நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைத்த கணக்கு, ஆரம்பகாலத் தட்டுகளில் பல அதற்குக் குறைந்த வேகத்தில் பதிவானவை. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடவே ஓடும். நம் கைக்கு வருவதில் பல இப்படி வேகம் கூடினவை. அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் காலத்தவர்கள் அவசரமாகக் கத்திப் பாடினார்கள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அன்றிலிருந்து கணினியில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பக்கத்தில் தம்பூராவை ஓடவிட்டு, குரல் மனிதக் குரலாக ஆகும் இடம்வரை இறக்கிப் பார்ப்பேன். அப்படி இறக்கித் தாயியைக் கேட்ட ஒரு சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. மொத்தமாகக் குழம்பிக் கிடந்த ஒரு பிருகா திடீரென்று அவிழ்ந்து ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, மல்லிகைச் சரத்தில் பூ தெரிகிற மாதிரித் தெரிந்தது. ஒன்றுகூட நழுவவில்லை. குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, திருத்திப் பாட வழியே இல்லாமல், ஒரே மூச்சில்.

தாயியிலிருந்து அந்தக் காலத்து மற்ற பெண்களிடம் போனேன். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். பெரிய வித்வான்கள் பலர் தட்டில் பாடத் தயங்கிய நாளில் இவர்கள் பாடி வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு வீணை தனம்மாள். 1932இல் பதிவான சில தட்டுகள்தான், அப்போது அவருக்கு அறுபதுக்கு மேல். மீட்டுக்கம்பி போடாமல் வெறும் விரலால் மீட்டுபவர், அதனால் ஒலி மிகச் சின்னது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பதைக் கேட்க வித்வான்களே போய் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வது ஏன் என்று அப்போது புரியும்.

அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்கள் என்கிற காதல் பாட்டுகள் என்னிடம் வந்தது ஒரு கேசட்டில். சித்தப்பா இறந்த பிறகு அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்தது, மேலே பேனாவில் 'பி.மு. பதம், கல்யாண வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது. அதில் உசேனியில் 'நேற்றந்தி நேரத்திலே'. சௌக்க காலம், அதாவது மெதுவான நடை, என்றால் அப்படி ஒரு சௌக்கம், ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் இரண்டு குரலும் ஒரே கோணத்தில் வளைகின்றன. இடையில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ பாத்திரத்தை வைக்கிறார்கள், அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகிறார்கள். அந்த கேசட்டை எண்ணிமமாக்க ஒரு கடையில் கொடுத்தேன், நாடாவைச் சிக்க வைத்து இரண்டாவது பக்கத்தைப் பாழாக்கிக் கொடுத்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. வீட்டில் இப்படி ஏதாவது கிடந்தால் முதலில் நீங்களே ஒரு தடவை ஓட்டி, செல்பேசியை முன்னால் வைத்தாவது ஒரு பிரதி எடுத்துவிட்டு அப்புறம் வெளியே கொடுங்கள்.

தட்டு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த தட்டை ஆசையில் சாதாரண எல்பி ஊசியில் போட்டுப் பார்த்தேன். அந்தக் கோடுகள் அகலமானவை, எல்பி ஊசி அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். இதற்கென்று தடித்த ஊசி தனியாக விற்கிறது. சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டியில் போடுவதென்றால் எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். அரக்குத் தட்டு கண்ணாடி மாதிரி, எங்கள் வீட்டில் ஒன்று பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தும் உடைந்தது.

எனக்கு டிலாஜைக் கொடுத்த நண்பருக்குப் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைக் கொண்டுபோனேன். தீட்சிதர் இளமையில் சென்னையை ஒட்டிய மணலியில் இருந்தவர், கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். சங்கராபரணத்தின் சுரங்கள், சுரத்தை அசைக்கிற கமகம் கிடையாது, இங்கிலீஷ் நடை. 1893இல் சின்னசாமி முதலியார் இவற்றில் சிலவற்றை மேற்கத்திய சுரக்குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார். 'ச்யாமளே மீனாக்ஷி' பாடிக் காட்டினேன், இரண்டாவது வரியில் நண்பர் சிரித்துக்கொண்டே பியானோவில் சேர்ந்துகொண்டார். மொசார்ட் பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி எழுதிய அதே மெட்டு, குழந்தைகள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாடுவது. 'சந்ததம் பாஹிமாம்' ஆரம்பித்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். இங்கிலாந்து ராஜாவுக்குப் பாடும் வாழ்த்து அம்பாள்மேல் பாட்டாக வந்து நிற்கிறது. நோட்டுஸ்வரத்தைக் குழந்தைகள் பாட்டு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காதில் விழுந்ததை இவர் எடுத்துத் தன்னுடையதாக்கினார், நூறு வருஷம் கழித்து டிலாஜ் அங்கிருந்து வந்து அதையே செய்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் சாப்பாடு, அம்மாவும் வந்திருந்தார். சாப்பிட்ட பிறகு நண்பர் ராகமாலிகாவின் பியானோ பகுதியை எடுத்து வைத்தார். அட்டைக்கு எங்கே போவது என்று தேடி, மேசைமேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலையைக் கிழித்தோம், மஞ்சள் தடவின மூலை. பியானோவின் மேல்மூடியைத் திறந்து, கீழ் நிஷாதத் தந்தி எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நான் உள்ளே கையை விட்டுச் செருகினேன். முதலில் சரியாக உட்காரவில்லை, வெறும் கரகரப்பு. மடித்துச் செருகினதும் பிடித்துக்கொண்டது. அவர் அந்தக் கட்டையை ஒருமுறை அழுத்தினார், பிறகு தாளத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார்.

கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டார், "யாருடா அது மேளம் தட்றது?"