தினமும் வரும் காணாக்கடிக்கு (திடீரென்று கிளம்பும் அரிப்புத் தடிப்பு) அலர்ஜி டெஸ்ட் எடுப்பது வீணா?

மருதன்:
தடிப்பு ஆறு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் மாத்திரையால் அமுக்கிக்கொண்டே இருப்பது சரியில்லை. ரத்தத்தில் ஐ.ஜி.இ பேனல் (பல உணவுகளுக்கு எதிரான அலர்ஜி எதிர்ப்புப்பொருளை அளக்கும் டெஸ்ட்) எடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். கத்திரிக்காய், கருவாடு, முட்டை என்று பாசிட்டிவ் வந்ததை நிறுத்திப் பத்தியம் இருக்கலாமே?

எழினி:
ஆறு வாரம் தாண்டியதால்தான் அந்த டெஸ்ட் வேண்டாம் என்கிறேன். உணவு அலர்ஜி என்றால் சாப்பிட்ட சில நிமிடத்தில், போனால் 2 மணி நேரத்துக்குள் தடிப்பு கிளம்பும். அதே பொருளைச் சாப்பிட்டால் மறுபடியும் வரும், விட்டால் அடங்கிவிடும். என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தினமும் சாயங்காலம் வருவது வேறு ரகம். பலருக்கு உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள்கள் தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைக் கிளறி, அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கின்றன. பேனலில் பாசிட்டிவ் வந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு தொல்லையும் இல்லாதவர்களுக்கும் அப்படி வரும். எடுக்க வேண்டியவை முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர் அல்லது சி.ஆர்.பி, கூடவே தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப்பொருள், உணவு வாரியாகப் பிரிக்காத மொத்த ஐ.ஜி.இ அளவு. பெரும்பாலும் இதற்கு மேல் தேவைப்படாது.

மருதன்:
மீன் சாப்பிட்ட அரை மணியில் முகமெல்லாம் சிவந்து தடிக்கிறதே, அதுவும் சும்மாவா?

மாத்திரைப்பெட்டி:
அதிலும் ஒரு பிரிவு உண்டு. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் பாக்டீரியா மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஒரே குழம்பைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் சேர்ந்து வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அலர்ஜி என்று முடிவுகட்டி ஆயுளுக்கும் மீனை விட வேண்டியதில்லை.

பத்தியத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் காணாக்கடியைக் கிளப்பும். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மருதன்:
சரி, உங்கள் மாத்திரைக்கு வருவோம். ஹிஸ்டமினைத் தடுக்கும் லிவோசிட்ரிசின் போட்டால் அன்றைக்கு அடங்குகிறது, மறுநாள் வருகிறது. இதற்குப் பெயர் வைத்தியமா?

எழினி:
அரிக்கும்போது மட்டும் போடுவதுதான் கோளாறு. ஹிஸ்டமின் தன் ஏற்பியில் (செல்லில் அது ஒட்டும் இடம்) ஒட்டிய பிறகு மாத்திரை வந்து என்ன பிரயோஜனம்? அது முன்கூட்டியே இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அதே நேரத்தில் போட வேண்டும்: லிவோசிட்ரிசின் 5 மி.கி, அல்லது ஃபெக்சோஃபெனடின் 180, அல்லது பிலாஸ்டின் 20. பிலாஸ்டினை வெறும் வயிற்றில் போட வேண்டும். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் அதன் வேலை குறைந்துவிடும். 2 முதல் 4 வாரம் பார்த்தும் அடங்காவிட்டால் அதே மருந்தை நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அதற்கும் மசியாவிட்டால் 4 வாரத்துக்கு ஒருமுறை ஐ.ஜி.இ-யைத் தடுக்கும் ஒமாலிசுமாப் 300 மி.கி ஊசி.

மருதன்:
நான்கு மடங்கா! கடையில் நாமே வாங்கிப் போட்டுக்கொள்வதா?

எழினி:
இல்லை, டாக்டர் எழுதித்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சிட்ரிசின் வகையைக் கூட்டக் கூடாது, குறைக்கத்தான் வேண்டும்.

மாத்திரைப்பெட்டி:
கடையில் கேட்காமலே கொடுக்கும் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான் இதைவிட ஆபத்து. இரண்டு நாளில் தோல் பளிங்காகிவிடும், நிறுத்தியதும் தடிப்பு திரும்பும், மறுபடி வாங்குவார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். கடுமையாக வந்தால் சில நாள், அதிகபட்சம் 10 நாள். அதுவும் சீட்டு இருந்தால்தான். ஏவில் என்ற பழைய அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டுவதும் வேண்டாம், மறுநாள் காலைகூட மந்தம் தெளிந்திருக்காது.

மருதன்:
டெஸ்ட்டை விடுகிறேன். பத்தியத்தை விட மாட்டேன். நிறமூட்டி, பதப்படுத்தி கலந்த பாக்கெட் பண்டங்களை நிறுத்தினால் சிலருக்குக் குறைகிறதே.

எழினி:
சிலருக்குக் குறையும், அதை மறுக்கவில்லை. 3 வாரம் நிறுத்திப் பாருங்கள், தினமும் தடிப்பின் எண்ணிக்கைக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3 என்று குறித்து வாருங்கள். ஒரு வாரக் கூட்டுத்தொகை 42க்குள் வரும். அது இறங்கவில்லை என்றால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு முட்டை, பாலை மாதக்கணக்கில் நிறுத்துவதுதான் எனக்கு ஆகாது.

தேன்மலர்:
எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே?

மாத்திரைப்பெட்டி:
தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், தலைசுற்றல், விடாத வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலே உடனே ஓட வேண்டும். அங்கே முதல் மருந்து அட்ரினலின்: பெரியவர்களுக்கு 0.5 மி.கி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொன்று. ஏவில் ஊசி அதற்கு மாற்றாகாது. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சு திணறினால் உட்காரலாம்.

எழினி:
இன்னும் இரண்டு. ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, எரிந்து, கன்றிய தழும்பை விட்டால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தோலில் பயாப்சி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும். தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால் பிரஷர் மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று இருந்தால் வருடக்கணக்கில் ஒத்துப்போனதுகூட இப்படிச் செய்யும். அந்த வீக்கம் லிவோசிட்ரிசினுக்கு அடங்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மாத்திரையை மாற்ற வேண்டும்.