சிரட்டைக்கரி அடுப்பு அரை மணித்தியாலத்தில சோர்ந்து போகுது, ஏன்?

உப்புவெளி:
திருகோணமலை. காஸைக் குறைக்க, உள்ளுக்குக் களிமண் பூசின தகர அடுப்பு ஒண்டு வாங்கினது. சிரட்டைக்கரிதான் போடுறது. தொடக்கத்தில நல்லாப் பிடிக்குது. சோறு முடியேக்க தணல் சோர்ந்திடும், கறிக்குச் சூடு காணாது. சில நேரம் புகையுது, வெடிக்குது. நிலக்கரி போட்டால் கன நேரம் நிக்கும் எண்டு சொல்லுறாங்கள். வீட்டில பாவிக்கலாமா? மாரியில குசினிக் கதவைச் சாத்திப்போட்டுச் சமைக்கலாமா?

தணல்:
முதல்ல சட்டி எப்படி இருக்குது எண்டு பாருங்கோ. அதின்ர அடி அடுப்பு வாயோட ஒட்டி இருந்தால் எரிஞ்ச காற்று மேலால போக வழியில்லை. மேலால போகாட்டில் கீழால புதுக்காற்று வராது. மூண்டு குமிழிலும் சட்டி நிக்க, சுத்திவர ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி வேணும். இரண்டுக்கு மேல போனால் சூடு பக்கத்தால வீண்.

அடுத்தது சாம்பல். துளைத்தட்டின்ர ஓட்டைகளைச் சாம்பலும் கரித்தூளும் அடைக்கும். 20 நிமிசத்துக்கு ஒருக்கால் கீழ்வாசலால கம்பி விட்டுக் குத்தி, சாம்பலை வெளியில இழுங்கோ. கரியை அரிச்சுத் தூளை ஒதுக்கிப்போட்டு, பெருவிரல் அளவுத் துண்டுகளை மட்டும் போடுங்கோ. சட்டியில முட்ட நிரப்ப வேண்டாம். நாலு பேருக்குச் சோறும் இரண்டு கறியும் எண்டால் அரைக் கிலோவுக்குக் கிட்டக் காணும். இரண்டாம் தரம் கரி போடுறது தணல் சிவப்பா இருக்கேக்கயே. சாம்பல் பூத்தாப் பிறகு போட்டால் இருக்கிற சூட்டையும் புதுக்கரி இழுத்திடும்.

பாலையூற்று:
புகையுறது அரைகுறையா எரிஞ்ச சிரட்டை. உடைச்சுப் பாருங்கோ: நல்ல கரி உடைஞ்ச இடத்தில கண்ணாடி மாதிரி மினுங்கும், தட்டினால் கிணுங்கும். மண்ணிறம் தெரிஞ்சால் கடைக்காரரிட்டத் திருப்பிக் குடுங்கோ. வெடிக்கிறது ஈரத்தால. கரி காற்றில இருந்தே ஈரத்தை இழுக்கும், அதுவும் கார்த்திகை மார்கழியில எங்கட கடற்கரைப் பக்கம் சொல்லத் தேவையில்லை. உரபேக்கில விடாமல் இறுக்கமான மூடி போட்ட வாளியில வையுங்கோ. பத்த வைக்கக் காய்ஞ்ச தும்பு காணும், மண்ணெண்ணெய் வேண்டாம்.

கோணேசன்:
நிலக்கரி வேண்டவே வேண்டாம். அதில கந்தகம் இருக்கு, புகையும் மோசம். நுரைச்சோலை மின் நிலையத்தில அதைத் தூளாக்கி, கொதிகலனில எரிச்சு, உயரமான புகைபோக்கியால வெளியில விடுறாங்கள்; குசினியில அந்தப் புகை உங்கட நெஞ்சுக்குள்ளதான் போகும். பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டு எரிபொருளாப் பாவிக்க வேண்டாம் எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் 2014இலயே சொல்லியிருக்கு.

கதவைச் சாத்துறதும் கூடாது, சிரட்டைக்கரி எண்டாலும் சரி. கரி எரியேக்க காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு வரும்; அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லை எண்டு நம்பி இருக்கேக்கதான் ஆபத்து. பத்த வைக்கேக்கயும் புதுக்கரி போடேக்கயும் அது கூடுதலா வரும், அதனால தணல் பிடிக்கிற வரைக்கும் அடுப்பை விறாந்தையில வையுங்கோ. பிறகு உள்ளுக்கு எடுத்தால் எதிரெதிரா இரண்டு யன்னல் திறந்திருக்க வேணும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி வந்தால் உடனே எல்லாரும் வெளியில வாங்கோ. குளிருக்கு எண்டு படுக்கிற அறையில தணல் வைக்கவே கூடாது.

உப்புவெளி:
நன்றி. மிச்சத் தணலுக்குத் தண்ணி ஊத்தலாமா?

தணல்:
ஊத்தினால் களிமண் வெடிக்கும். இடுக்கியால எடுத்து மூடியுள்ள இரும்புச் சட்டியில போட்டு, வெளியில வைச்சு இறுக்க மூடுங்கோ. காற்று இல்லாமல் அணைஞ்சிடும். அடுத்த நாள் முழுசா ஆறிட்டுதா எண்டு பார்த்து அதையே திரும்பப் போடலாம்.