முதல் நட்சத்திரக் குவில்ட்: 12½ வர வேண்டிய பிளாக் 12⅛ தான் வருகிறது. பிரிக்கவா, வேண்டாமா?

வெட்டுத்துண்டு (கேள்வி)

வணக்கம். தைப்பது குவில்ட்டுக்கான (துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) சாடூத் ஸ்டார் பிளாக், அதாவது ஒரு நட்சத்திரச் சதுரம். நடுவில் வெற்றுச் சதுரத்துக்குப் பதில் நான்கு துண்டுகள் சேர்ந்த காற்றாடி. நான்கு ஓரத் தையலுக்கான துணியோடு ஒரு பிளாக் 12½ அங்குலம் இருக்க வேண்டும். மொத்தம் 16 பிளாக், 9 முடிந்தது.

துண்டுகளின் அளவில் தப்பு தெரியவில்லை. மூலைச் சதுரம் 3½. ஃப்ளையிங் கீஸ் துண்டு (நடுவில் பெரிய முக்கோணம், இரண்டு பக்கமும் சின்ன முக்கோணம்) 3½ × 6½. காற்றாடிக்கான இரட்டை முக்கோணச் சதுரங்கள் நான்கையும் தைத்து, தேய்த்து, 3½க்குச் சரியாக வெட்டியிருக்கிறேன். பிறகும் மேல் வரிசையும் கீழ் வரிசையும் 12¼, நடு வரிசை 12⅛ என்று வருகிறது. கீஸ் முக்கோணத்தின் உச்சி காற்றாடியைத் தொடும் இடத்தில் மழுங்கிப்போகிறது. காற்றாடியின் மையம் மேடு தட்டி நிற்கிறது.

ஒன்பதையும் பிரிக்க வேண்டுமா? மீதி 7ல் எதை மாற்ற வேண்டும்?

நேரிழை

பிரிக்கும் கத்தியை இப்போதைக்குக் கீழே வையுங்கள். நீங்கள் கொடுத்த எண்களே காரணத்தைச் சொல்லிவிட்டன.

மூலை, கீஸ், மூலை என மேல் வரிசையில் தையல் 2. நடு வரிசையில் காற்றாடியின் நடுத் தையலையும் சேர்த்து 3. மேல் வரிசை 12½ல் கால் அங்குலம் குறைவு, அதாவது இரண்டு நூல் (ஒரு நூல் ⅛ அங்குலம்). நடு வரிசை மூன்று நூல் குறைவு. ஒரு தையலுக்கு ஒரு நூல்! தையலின் இரண்டு பக்கமும் துணி இருப்பதால் ஒரு பக்கத்துக்கு அரை நூல். கால் அங்குலம் பிடிப்பதாக நினைத்து 5⁄16 பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். காற்றாடியை மட்டும் அளந்து பாருங்கள்: 6½க்குப் பதில் 6⅜ இருக்கும். அதை 6½ நீளக் கீஸோடு சேர்க்க இழுத்திருப்பீர்கள். மேடு தட்டியதில் பாதிப் பங்கு அந்த இழுவைக்கு.

உறுதி செய்ய ஒரு சோதனை. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, வழக்கம்போலப் பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்துத் தேயுங்கள். நடுப் பட்டை சரியாக 1 அங்குலம், மொத்த அகலம் 3½ வர வேண்டும்.

வராவிட்டால் மெஷினின் பாதத்தை நம்பாதீர்கள். சாதாரணப் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் இருந்தே தீர வேண்டும் என்று விதி இல்லை. ஸ்கேலை ஊசிக்கு அடியில் வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசிமுனையைக் கால் அங்குலக் கோட்டின் மேல் இறக்குங்கள். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டித் தட்டில் நாலு மடிப்பு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அந்தச் சுவரை உரசித் துணி போகட்டும். பிறகும் ஒரு நூலிழை உள்ளே, ஊசியின் பக்கமாகத் தள்ளித்தான் ஒட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் தையலை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்க்கும்போது மடிப்பு கொஞ்சம் துணியைத் தின்றுவிடும்.

ஊசிமுனை

மேட்டுக்கு இன்னொரு பாதி காரணம் இருக்கு: எட்டு முக்கோண முனையும் ஒரே புள்ளியில சேருது, அத்தனை துணியும் ஒரே பக்கம் சாய்ஞ்சா அங்க குமிஞ்சுதான் நிக்கும். அதைச் சுழற்றித் தேய்க்கணும்.

காற்றாடியின் கடைசித் தையல், அதாவது நீளத் தையல், முடிஞ்சதும் துண்டைக் கவிழ்த்துப் போடுங்க. குறுக்கே வர்ற சின்னத் தையல்ல, நீளத் தையலுக்கு வெளியே விளிம்புத் துணிக்குள்ள மட்டும் ரெண்டு மூணு தையல் இருக்கும். ரெண்டு பக்கமும் அதை மட்டும் பிரிங்க. நீளத் தையலைத் தொடாதீங்க. இப்ப நடுவை விரலால அழுத்துனா நாலு விளிம்பும் ஒரே சுற்றுல, ஒன்னை ஒன்னு துரத்துற மாதிரி படுக்கும். உள்பக்கம் விரல்நுனி அளவுக்கு ஒரு குட்டிக் காற்றாடி தெரிஞ்சா சரியா வந்திருக்குன்னு அர்த்தம். முடிச்ச 9 பிளாக்லயும் இதை இப்பவே செய்யலாம், மையத்துக்கு மேல வேற தையல் எதுவும் ஓடல.

அப்புறம், இஸ்திரிப் பெட்டியைத் தேய்ச்சு இழுக்காதீங்க. முக்கோணத்தின் சாய்வு ஓரம் முழுக்க கிராஸ், அதாவது இழைக்குக் கோணலா வெட்டினது, இழுத்தா நீண்டுடும். வச்சு அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்துல வைக்கணும். மீதி 7 பிளாக்குக்கு வெட்டுறதுக்கு முன்னாடியே துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிடுங்க. வெட்டின பிறகு நனைச்சா அளவு மாறும்.

நேரிழை

மழுங்கிய உச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கீஸின் உச்சிக்கு மேலே கால் அங்குலம்தான் இருப்பு. 5⁄16 பிடித்தால் அரை நூல் முனையை வெட்டிக்கொண்டு போகும். இனி சேர்க்கும்போது கீஸ் மேலே, அதன் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். இரண்டு சாய்வுத் தையல்களும் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும் இடம் தெரியும். ஊசி அந்தப் புள்ளிக்கு ஒரு நூலிழை வெளியே, துணி ஓரத்தின் பக்கமாகப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு அங்குலத்தை மட்டும் 4 மில்லிமீட்டர் நீளத் தையலில் ஓட்டி, திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு 2 மில்லிமீட்டரில் தையுங்கள்.

வெட்டுத்துண்டு

சோதனை செய்தேன். நடுப் பட்டை ⅞, மொத்தம் 3¼. காற்றாடி 6⅜. சொன்னது அப்படியே! மையங்களைச் சுழற்றித் தேய்த்ததும் ஏழு படிந்துவிட்டன, இரண்டு மட்டும் இன்னும் மேடாக இருக்கின்றன. இந்த 9ஐயும் மீதி 7ஐயும் எப்படிச் சேர்ப்பது?

கஞ்சித்துணி

படியாத இரண்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மற்ற ஏழுக்குப் பிரிப்பு வேண்டாம். ஒரு பிளாக்கைச் சரிசெய்ய 11 தையல் பிரிக்க வேண்டியிருக்கும். அத்தனை கிராஸ் ஓரத்தைக் கையாண்டால் இப்போதிருக்கும் அரை நூல் தப்பைவிடப் பெரிய தப்பு வரும்.

பிரிக்கும்போது தையலுக்கு நடுவே சீம் ரிப்பரை (பிரிக்கும் கத்தியை) விட்டு ஒரே இழுப்பாகக் கிழிக்காதீர்கள். ஒரு பக்கத்து நூலில் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் நீளமாக வந்துவிடும், துணி அசையாது. இன்னொரு வழியும் உண்டு. உங்கள் தப்பு அதிகமாகப் பிடித்தது என்பதால், குறுக்கே வேறு தையல் ஓடாத இடங்களில் முதலில் அரை நூல் வெளியே புதுத் தையலைப் போட்டுவிட்டுப் பிறகு பழையதை எடுக்கலாம். இரண்டு துணியும் ஒரு நொடிகூடத் தனியாகாது.

சேர்ப்பதற்குச் சட்டம் போடுங்கள். 16 பிளாக்கையும் சுற்றி, நட்சத்திரத்தின் பின்னணி நிறத்திலேயே 1½ அங்குலப் பட்டை. 12⅛ பிளாக் 14⅛ ஆகும், சரியாக வரும் பிளாக் 14½ ஆகும். எல்லாவற்றையும் நட்சத்திரம் நடுவில் இருக்கும்படி 13½க்கு வெட்டுங்கள். தைத்தபின் பழைய பிளாக்கில் பட்டை 11⁄16, புதியதில் ½ தெரியும். வித்தியாசம் ஒன்றரை நூல். பின்னணி நிறமே என்பதால் கண் அதைப் பிடிக்காது. மாறுபட்ட நிறத்தில் போட்டால் பிடித்துவிடும், அதை மட்டும் தவிருங்கள்.

பட்டையைப் பிளாக்கின் ஓரத்தை அளந்து வெட்ட வேண்டாம். நடு வரிசையின் அளவான 12⅛க்கு வெட்டி, இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில் குண்டூசி குத்துங்கள். ஓரம் 12¼ இருக்கும். நீளமான துணி எதுவோ அது கீழே, துணியை நகர்த்தும் மெஷின் பல்லின் பக்கம் இருக்கட்டும்; பல் அந்த ஒரு நூல் உபரியைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். அடுத்த இரண்டு பக்கத்துக்குப் பட்டை 14⅛. புதிய ஏழு பிளாக்குக்கு 12½, 14½. 40 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டையில் நீளத்துண்டு ஒன்றும் குட்டைத்துண்டு இரண்டும் வெட்டலாம். அப்படி 16 பட்டை, மீதி நீளத்துண்டு 16க்குப் பட்டைக்கு இரண்டாக 8 பட்டை, மொத்தம் 24 பட்டை. ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் கோணல் வெட்டுக்கும் இடம் இருக்கும்.

வெளி ஓரத்து நட்சத்திர முனைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை மழுங்காது. சட்டத் தையலைச் சரியாகக் கால் அங்குலத்தில் போட்டால் முனை அதிலிருந்து அரை நூல் உள்ளே மிதந்து நிற்கும்.

ஊசிமுனை

ஒன்னு சேர்த்துக்கிறேன். பத்தாவது பிளாக்கை முழுசா முடிச்சு அளக்கணும்னு காத்திருக்காதீங்க. காற்றாடி முடிஞ்சதும் 6½ இருக்கான்னு பாருங்க, ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் 12½ இருக்கான்னு பாருங்க. அங்கயே பிரிச்சா ஒரு தையல், பிளாக் முடிஞ்ச பிறகு பிரிச்சா பதினொன்னு.