மெர்லின் தொடரின் முடிவு: 65 அத்தியாயக் காத்திருப்புக்கு அது நியாயம் செய்ததா?

கடம்பவனத்தான்:
பிபிசி ஒன்று தொலைக்காட்சியில் 2008 செப்டம்பர் 20 அன்று தொடங்கி 2012 டிசம்பர் 24 அன்று முடிந்த ‘மெர்லின்’ தொடரை இன்னமும் கொண்டாடுபவர்கள் இங்கே பலர் இருப்பதால், அதன் முடிவைப் பற்றிய என் மனத்தாங்கலை வெளிப்படையாகவே வைக்கிறேன். மந்திரம் செய்பவர்களுக்கு மரண தண்டனை விதிக்கும் கேமலட் நகரத்துக்கு, பிறவியிலேயே மந்திர ஆற்றல் கொண்ட மெர்லின் என்னும் இளைஞன் வந்து இளவரசன் ஆர்தருக்குப் பணியாளாகிறான். கோட்டையின் அடியில் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும் கில்காரா என்னும் டிராகன், ஆர்தர் ஆல்பியன் என்னும் பழம் பிரிட்டனை ஒன்றுபடுத்தும் மாமன்னனாவான் என்றும், அவனைக் காப்பதே உன் பிறவிப் பயன் என்றும் அவனிடம் சொல்கிறது. இதை நம்பித்தான் நாம் ஐந்து பருவங்கள் காத்திருந்தோம். கிடைத்தது என்ன? கடைசி அத்தியாயத்தில்தான் ஆர்தர் உண்மையை அறிகிறான். அதே அத்தியாயத்தில் இறந்தும் விடுகிறான். மந்திரத்தின் மீதான தடை நீங்கியதாக ஒரு காட்சிகூட இல்லை. குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கச் சொல்லிக் காட்டிய ஒரு தொடரை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் இப்படி முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நிலாமுற்றம்:
கடம்பவனத்தான் அவர்களே, ஆர்தர் கதை சோகமாக முடிந்தது என்று வருந்துவதில் பொருள் இல்லை. 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட, ஆங்கில எழுத்தாளர் மாலரியின் நூலே ‘ஆர்தரின் மரணம்’ என்ற பெயரில்தான் வழங்குகிறது. கேள்வி, அந்த மரணத்துக்குத் தொடர் எந்தக் காரணத்தை வைத்தது என்பதே. மாலரியில் அரசைப் பிளப்பவை இரண்டு: அரசி குவினிவருக்கும் வீரன் லான்சலாட்டுக்கும் இடையிலான உறவு, ஆர்தர் அறியாமல் தன் சகோதரியிடமே பெற்ற மகன் மோர்ட்ரெட். சனிக்கிழமை மாலையில் எட்டு வயதுக் குழந்தையும் பார்க்கும் தொடரில் இவ்விரண்டையும் அப்படியே காட்ட முடியாது. ஆகவே எழுதியவர்கள் அந்த இடத்தில் ஒரு பொய்யை வைத்தார்கள். மெர்லின் தன் நண்பனிடம் தன்னை மறைக்கிறான். அந்த மறைப்பே கேமலட்டை உள்ளிருந்து அரிக்கிறது. இதுதான் கதையின் அடித்தளம் என்றால், உண்மை வெளிவருவதும் அரசன் வீழ்வதும் ஒரே மூச்சில் நிகழ்வதே முறை. மூன்றாம் பருவத்திலேயே ஆர்தர் உண்மையை அறிந்து மன்னித்திருந்தால், மீதி இரண்டு பருவங்கள் வெறும் சாகசக் கதையாகவே போயிருக்கும்.

கடம்பவனத்தான்:
பொய்தான் பாவம் என்று தொடர் உண்மையிலேயே கருதியிருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் அது அந்தப் பொய்யைப் பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் நடத்தியது. ஆர்தர் ஒவ்வொரு சண்டையிலும் தலையில் அடிபட்டு மயங்கி விழ வேண்டும். மெர்லினின் கண்கள் பொன்னிறமாக மின்ன வேண்டும். மரக்கிளை ஒன்று எதிரியின் தலையில் சரியாக விழ வேண்டும். விழித்தெழும் ஆர்தர் தன் வீரத்தையே மெச்சிக்கொள்ள வேண்டும். மெர்லினாக நடித்த காலின் மார்கனும் ஆர்தராக நடித்த பிராட்லி ஜேம்ஸும் அத்தனை இயல்பாக நடித்ததால் இந்த ஏற்பாடு நீண்ட காலம் தாங்கியது என்பது வேறு விஷயம். இரண்டாம் பருவத்தில் தாய் இக்ரெய்னின் உருவம் தோன்றி, உன் பிறப்புக்காக உன் தந்தை மன்னன் ஊதர் மந்திரத்தை நாடியதாலேயே நான் இறந்தேன் என்று சொல்கிறது. ஆர்தர் தந்தையின் மார்புக்கு நேராக வாளை நீட்டுகிறான். அப்போது ஓடிவரும் மெர்லின், அது சூனியக்காரி மார்காஸ் காட்டிய மாயத் தோற்றம் என்று பொய் சொல்லித் தடுக்கிறான். ஒரு நாட்டின் கொடுஞ்சட்டத்தை எழுப்பிய பாவமே அம்பலமான அந்த நொடியை, அதே சட்டத்தால் தலை போகக்கூடியவனே மூடிமறைக்கிறான். அடுத்த வாரம் எல்லோரும் வேறொரு வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

வெண்சங்கு:
இருவரும் ஆர்தரையும் மெர்லினையும் மட்டுமே பேசுகிறீர்கள். பெரிய அநீதி இழைக்கப்பட்டது ஊதரின் வளர்ப்பில் இருந்த மோர்கானாவுக்கு என்பது என் கருத்து. கேட்டி மெக்ரா நடித்த அந்தப் பெண், முதல் இரண்டு பருவங்களில் ஊதரின் அவையில் துணிந்து எதிர்த்துப் பேசும் ஒரே குரல். வரப்போவது அவளுக்குக் கனவில் தெரிகிறது. கண்விழித்தால் அறையில் நெருப்புப் பற்றிக்கொள்கிறது. தனக்கு என்ன ஆகிறதென்று புரியாமல் நடுங்குகிறாள். அரண்மனை மருத்துவர் கையஸ் உண்மையைச் சொல்லாமல் தூக்க மருந்து கொடுக்கிறார். அதே அச்சத்தோடு வாழும் மெர்லினோ, நானும் உன்னைப் போன்றவன்தான் என்ற ஒற்றை வாக்கியத்தை இறுதிவரை சொல்வதில்லை. மாறாக, கோட்டையே உறக்கத்தில் ஆழ்ந்திருக்கும் அத்தியாயத்தில், அந்த மந்திரத்தின் ஆணிவேர் அவள் என்று தெரிந்ததும், குடிக்கும் நீரில் நஞ்சு கலந்து அவளிடம் நீட்டுகிறான். அவள் நம்பிக் குடிக்கிறாள். மூச்சுத் திணறியபடி அவள் அவனைப் பார்க்கும் பார்வை, ஐந்து பருவங்களிலும் மிகச் சிறப்பாக எடுக்கப்பட்ட காட்சி. ஆனால் மூன்றாம் பருவம் தொடங்கும்போது ஓராண்டு கடந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள். உதட்டோரம் ஏளனச் சிரிப்போடு ஒரு வில்லி வந்து நிற்கிறாள். அவள் மாறிய அந்த ஓராண்டுதான் நாம் பார்க்க வேண்டிய கதை. அதை விழுங்கிவிட்டுத் தொடர்ந்து அரியணைச் சதிகளையே காட்டினார்கள்.

நிலாமுற்றம்:
வெண்சங்கு அவர்களின் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நஞ்சு கொடுத்த காட்சியை முன்வைத்துவிட்டு, தொடர் பொய்யை வேடிக்கையாக மட்டுமே நடத்தியது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? மறைத்ததற்கும் அஞ்சியதற்கும் மெர்லின் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறான். முதல் பருவத்தில், மந்திரத்தைப் போற்றும் பழைய நெறியைப் பின்பற்றும் துரூயிட் மக்களின் சிறுவன் மோர்ட்ரெட்டைக் கோட்டையிலிருந்து தப்புவிக்க மோர்கானாவும் ஆர்தரும் முயலும்போது, அந்தச் சிறுவனால் ஆர்தருக்கு மரணம் என்று டிராகன் எச்சரித்ததால், மெர்லின் வேண்டுமென்றே போகாமல் நிற்கிறான். சிறுவனின் குரல் மனத்துக்குள் கெஞ்சிய பிறகே ஓடுகிறான். இரண்டாம் பருவத்தில் மெர்லின் மீண்டும் அவனைத் தடுக்க முயன்றபோதோ, இதை மன்னிக்கவும் மாட்டேன், மறக்கவும் மாட்டேன் என்கிறான் மோர்ட்ரெட்.

அதைவிட முக்கியமானது ஐந்தாம் பருவத்தில், விதியை உரைக்கும் மூன்று திசிர் பெண்கள் வரும் அத்தியாயம். மோர்ட்ரெட் சாகக் கிடக்கிறான். பழைய நெறியை ஏற்றால் அவன் பிழைக்கக்கூடும் என்ற நிலையில், காட்டில் தீ மூட்டி அமர்ந்திருக்கும் ஆர்தர், மந்திரத்தை ஏற்கலாமா என்று மெர்லினிடமே கேட்கிறான். எந்த நாளுக்காக அவன் வாழ்ந்தானோ அந்த நாள் அது. ஆனால் மோர்ட்ரெட் பிழைத்தால் ஆர்தர் சாவான் என்ற அச்சத்தில், கேமலட்டில் மந்திரத்துக்கு இடமில்லை என்று கண்கலங்கச் சொல்கிறான் மெர்லின். ஊருக்குத் திரும்பினால் மோர்ட்ரெட் நலமாக எழுந்து நிற்கிறான். ஆர்தர் பழைய நெறியை மறுத்ததற்குத் தண்டனையே அவன் பிழைத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாயருகே வந்ததைத் தானே தட்டிவிடுகிறான். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று கடம்பவனத்தான் குறைபடுகிறார். அதை நிறைவேறவிடாமல் செய்தவனே கதைநாயகன் என்பதைத் தொடர் இத்தனை தெளிவாகக் காட்டியிருக்கிறது.

பழையபுத்தகன்:
மூலக்கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று வழக்கமாக எழும் குறையைப் பற்றி மட்டும் சிறிது சொல்கிறேன். ஏறத்தாழ 1136-இல் மான்மத் ஜெஃப்ரி எழுதிய வரலாற்று நூலில் லான்சலாட் என்று ஒருவரே கிடையாது. அவரைக் கதைக்குள் கொண்டுவந்தவர், 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மொழியில் எழுதிய கிரேத்தியான் தெ துரோவா. அப்படியிருக்க, மெர்லினை இளைஞனாகவும் குவினிவரைக் கொல்லன் மகளாகவும் ஆக்கியதற்கு முகம் சுளிப்பது வேடிக்கை. கறுப்பின வழிவந்த நடிகை ஏஞ்சல் கூல்பியை அரசியாகத் தேர்ந்தெடுத்ததற்கு வரலாற்றைக் காட்டி ஆட்சேபித்தவர்கள், மாலரியின் வீரர்களில் பாலமைடீஸ் என்ற சாரசன் (அன்றைய ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறித்த பெயர்) ஒருவன் இருப்பதை அறியாதவர்கள். படப்பிடிப்பு நடந்த பிரான்சின் பியர்ஃபோன் கோட்டையே 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-லெ-டுக் புதுப்பித்துக் கட்டியது.

என் குறை வேறு. நான்காம் பருவத்தில், திருமணத்துக்கு முந்தைய இரவில் குவினிவர் லான்சலாட்டை முத்தமிடுகிறாள்; அது அவள் விருப்பத்தால் அல்ல, மோர்கானா மந்திரித்துக் கொடுத்தனுப்பிய காப்பின் வேலையால். அந்த லான்சலாட்டும் இறந்துபோனவரின் நிழலுருதான். குவினிவருக்குத் தானாக ஒருவரை நேசிக்கும் உரிமையையும், நேசித்துத் தவறும் உரிமையையும் சேர்த்தே பறித்துவிட்டார்கள். குடும்பத் தொடர் என்ற காரணத்தைச் சொன்னால், நஞ்சூட்டும் காட்சி மட்டும் எந்தக் குடும்பத்துக்கு என்று கேட்பேன்.

கடம்பவனத்தான்:
பழையபுத்தகன் சொன்ன காப்பு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. வந்தது நிழலுரு என்று மெர்லினுக்கும் கையஸுக்கும் தெரியும். குவினிவர் நாடுகடத்தப்படுகிறாள், அந்த உண்மை ஆர்தரின் காதுக்குப் போகவே இல்லை. ஊதர் சாகும் அத்தியாயத்திலும் இதே கதை: கிழவன் வேடத்தில் வரும் மெர்லின், மந்திரத்தை இனி ஒடுக்கக் கூடாது என்று ஆர்தரிடம் வாக்கு வாங்குகிறான்; மோர்கானாவோடு கூட்டுச் சேர்ந்த ஆர்தரின் தாய்மாமன் அகிராவெய்ன் ரகசியமாக மாட்டிய தாயத்து அந்த மருத்துவத்தை எதிராகத் திருப்ப, ஊதர் இறக்கிறார். ஆர்தர் மந்திரத்தின் மீது மேலும் வெறுப்புக் கொள்கிறான். நிலாமுற்றம் இதைத் துன்பியல் என்பார். தாயத்தும் காப்பும் வந்து கதையைத் திருப்பிக்கொண்டே இருந்தால், அது ஐந்தாம் பருவம் வரைக்கும் இழுக்க வைத்த தடுப்பு என்பேன் நான்.

நிலாமுற்றம்:
தாயத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். ஆர்தரின் கடைசிப் போரான காம்லன் போருக்குப் பிறகு மெர்லின் உண்மையைச் சொல்லும் காட்சியை மட்டும் பாருங்கள். மார்புக்குள் வாள்முனை நகர்ந்துகொண்டிருக்கும் ஆர்தர், தீப்பொறிகளில் டிராகன் உருவம் எழுவதைப் பார்த்துப் பின்வாங்குகிறான். என்னை விட்டுப் போ என்கிறான். மன்னிப்பு உடனே வருவதில்லை. பல மணி நேரம் உணவை மறுத்து, முகம் பாராமல் இருந்து, மெல்ல மெல்லத்தான் வருகிறது. இறுதியில் அவன் சொல்லும் நன்றி, இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் சொல்லாத நன்றி. முன்கூட்டியே மன்னித்திருந்தால் அந்தச் சொல்லுக்கு எந்த எடையும் இருந்திருக்காது.

வெண்சங்கு:
அந்தக் காட்சியின் தரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாட்டுக்கு என்ன ஆனது? குவினிவர் அரியணை ஏறுகிறாள். அவளுடைய தந்தை கொல்லன் டாம், மந்திரவாதி ஒருவனுக்கு வேலை செய்து கொடுத்ததற்காகப் பிடிபட்டு, ஊதரின் காவலர் கையில் உயிரை விட்டவர். போரில் மின்னலை ஏவிய கிழவன் மெர்லின்தான் என்பதை அவளாகவே ஊகித்துக் கையஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அந்தச் சட்டத்தைக் கிழித்தெறிய இவளைவிடப் பொருத்தமானவர் யார்? முடிசூட்டு அவையில் அவள் ஒரே ஓர் ஆணை பிறப்பித்திருந்தால் கடம்பவனத்தானின் முறையீட்டில் பாதி தீர்ந்திருக்கும்.

நிலாமுற்றம்:
அவள் அதைச் செய்வாள் என்பது அவள் முகத்திலேயே தெரிகிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கடம்பவனத்தான்:
முகத்தில் தெரிந்தது போதும் என்றால், நிகழ்கால இங்கிலாந்தின் தார்ச்சாலையில் லாரி ஒன்று கடந்து போக, கிழவன் மெர்லின் முதுகில் பையோடு ஆர்தரின் உடலைப் படகில் அனுப்பிய அதே ஏரியை ஒட்டி நடப்பதையும் நாமே ஊகித்துக்கொண்டிருக்க மாட்டோமா? அதற்கு மட்டும் கடைசி ஒரு நிமிடத்தை ஒதுக்கினார்களே. ஆர்தர் மீண்டும் எழுவான் என்பது மாலரி காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சட்டம் நீங்கியதா என்பதுதான் இந்தத் தொடர் மட்டுமே சொல்லியிருக்கக்கூடிய செய்தி.