புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டுச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும்

தாத்தா வீட்டுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடலாமா, சுவரில் உப்புப் பூப்பதற்கு என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். கல்லில் கை வைக்காதே என்றுதான் பலரும் சொன்னீர்கள். வைக்கவில்லை.

சுவர்தான் பெரிய வேலை. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும். அடிப்பகுதியில் யாரோ எப்போதோ பூசிய சிமென்ட் அதை அடைத்துவிட, உப்பு மேலே ஏறியிருக்கிறது. சிமென்டைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை பூசினோம். முதல் நாள் கொத்தனார் பானையை மோந்து பார்த்து, "இன்னும் புளிக்கணும் தம்பி" என்று மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்!

தரைக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். சிமென்டையும் நிறப்பொடியையும் கண்ணாடியின் மேல் வார்த்துச் செய்யும் கல் அது. ஆசிட் பட்டால் மினுமினுப்பு போய்விடும். தண்ணீரில் துடைத்து, அப்புறம் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம், அவ்வளவுதான். உடைந்த கற்களுக்குப் பதிலாக ஆத்தங்குடியிலேயே வார்த்து வாங்கினோம். நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, நடக்க நடக்கச் சரியாகும்.

குளியலறையில் மட்டும் சாதா டைல்ஸ். அம்மா உத்தரவு.

அடுத்தது வயரிங். தேக்கு நிலைகளைத் துளைக்காமல் வயர் இழுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.