பூஸ்டர் சீட்டைக் கழற்ற 12 வயது "அல்லது" 135 செ.மீ.! "உம்" கிடையாது!

நெடுஞ்சாலை:
குழந்தைகளுக்கான கார் சீட் இழையில் நேற்று அகலப்பாதை என்பவர், பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் கூடுதல் இருக்கை) குறித்த பிரிட்டன் சட்டத்தைப் பற்றி ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். "பிள்ளைக்கு 12 வயசும் முடியணும், 135 செ.மீ. உயரமும் வரணும், அப்பத்தான் பூஸ்டரைக் கழற்றலாம்" என்று. அதற்குப் பதினோரு பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே ஐயா. 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதோடு சரி. 2006 செப்டம்பரிலிருந்து இதுதான் சட்டம். ஒன்பது வயதிலேயே 136 வளர்ந்துவிட்ட பிள்ளை, பெரியவர்கள் போடும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போகலாம். அல்லது. இன்னொரு முறை: அல்லது.

அகலப்பாதை:
வாங்க சார். என் பேரைச் சொல்லித் தனி இழையே திறந்துட்டீங்க, பெருமையா இருக்கு. சட்டத்தை நானும் படிச்சேன். 12 வயசுக்குக் கீழேயும், 135க்குக் கீழேயும் இருக்கிற பிள்ளை சீட்டில் உட்காரணும். கீழேயும், கீழேயும். அங்கே ரெண்டு "உம்" இருக்கு. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க.

நெடுஞ்சாலை:
என் கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. 31 வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை. "எது முதலில் வருகிறதோ" என்ற வாசகத்துக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்?

ரைன்கரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 135, 135 என்று உருப்போடுகிறீர்களே, ஜெர்மனியில் அது 150. 12 வயதுக்குட்பட்ட பிள்ளை 150 செ.மீ. எட்டும் வரை சீட் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 உத்தரவிலும் அடிப்படை அளவு 150தான். வேண்டுமென்ற நாடு 135க்கு இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள், அவ்வளவுதான். சலுகையைப் பிடித்துக்கொண்டு இங்கே வேதம் ஓதுகிறீர்கள்.

நெடுஞ்சாலை:
நான் பேசுவது பிரிட்டன். ஜெர்மனிக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். அங்கேயும் "அல்லது"தான் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

ரைன்கரை:
நான் "அல்லது" என்று எழுதவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

பின்சீட்டு அம்மா:
மூணு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. பூஸ்டர் எதுக்குன்னு யாராவது ஒருத்தர் சொன்னீங்களா? காரிலிருக்கிற பெல்ட் பெரியவங்க உடம்புக்கு அளவெடுத்தது. சின்னப் பிள்ளைக்கு இடுப்பெலும்பின் முன்முனை இன்னும் சரியா உருவாகியிருக்காது. கீழ்ப்பட்டை தொடையோடு நிக்காம வயித்துமேல ஏறிடும். மோதினா அந்தப் பட்டை குடல்லயும் முதுகுத்தண்டுலயும்தான் அழுத்தும். மேல்பட்டை கழுத்தை அறுக்குதுன்னு பிள்ளை அதை முதுகுக்குப் பின்னாடி தள்ளிவிட்டுடும், அது இன்னும் மோசம். பிள்ளையைத் தூக்கி உட்கார வச்சா ரெண்டு பட்டையும் அதது இடத்துல விழும். பூஸ்டரோட வேலை அவ்வளவுதான். முதுகை ஒட்டி உட்கார்ந்தா முழங்கால் சீட் விளிம்புல மடங்குதா, பட்டை தோள் நடுவுல போகுதா, போற தூரம் முழுக்க அப்படியே உட்கார முடியுதா, இதைப் பாருங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்றது 4 அடி 9 அங்குலம், கிட்டத்தட்ட 145. பெரும்பாலும் 8லிருந்து 12 வயசுக்குள்ள அந்த உயரம் வரும்.

நெடுஞ்சாலை:
அம்மணி, விளக்கம் அருமை. ஆனால் போலீஸ்காரர் சாலையில் நிறுத்தி இடுப்பெலும்பைத் தடவிப் பார்க்கமாட்டார். சட்டம் கேட்பது 135. 145உம் இல்லை, 150உம் இல்லை.

பின்சீட்டு அம்மா:
வண்டி மோதும்போது சட்டப் புத்தகமா வந்து குறுக்க விழும்?

அகலப்பாதை:
சபாஷ். அதோட சார் "145உம் இல்லை, 150உம் இல்லை"ன்னு எழுதியிருக்கார் பாருங்க. உம் போடாம அவராலயே ஒரு வரி எழுத முடியல.

சக்கரம்:
இந்தச் சட்டத்தால் என்ன லாபம் என்று யாராவது கேட்டீர்களா? 2020இல் அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கார் சீட் சட்டங்களால் 2017இல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் 57 பேர். அதே ஆண்டு பிறக்காமலே போனவர்கள் சுமார் 8,000 பேர். காரணம், பெரும்பாலான கார்களின் பின்சீட்டில் மூன்று கார் சீட்டை வரிசையாக வைக்க முடியாது. மூன்றாவது பிள்ளை வேண்டுமென்றால் பெரிய வண்டி வாங்க வேண்டும். "வேண்டாம் விடு" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். பின்சீட்டில் ஆளுக்கொரு மூலையில் மல்லுக்கட்டு நடக்கும்.

பின்சீட்டு அம்மா:
பிறக்காத பிள்ளையையும் உயிர் பிழைச்ச பிள்ளையையும் ஒரே தராசுல வைக்கிறீங்களே சக்கரம், மனசு வருதா? அதுவும் அது மதிப்பீடுதான், தலை எண்ணின கணக்கு இல்ல. அந்த 57ல ஒண்ணு யார் வீட்டுப் பிள்ளைன்னு யோசிச்சீங்களா?

சக்கரம்:
நான் ஆய்வைச் சொன்னேன், என் மனதைச் சொல்லவில்லை. போன வருடம் டயர் காற்று இழையிலும் இப்படித்தான் என் வாயில் வார்த்தையைத் திணித்தீர்கள்.

நெடுஞ்சாலை:
இங்கே டயர் பேச்சு வேண்டாம். பின்சீட்டில் இரண்டு சீட் வைத்தபின் மூன்றாவதுக்கு இடமில்லையென்றால், 3 வயது தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட் போதும் என்று பிரிட்டன் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. சட்டம் தெரிந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. விலக்கு இருக்கும் சட்டத்தில் "அல்லது" இருப்பதில் என்ன அதிசயம்?

ரைன்கரை:
விலக்குக்கும் "அல்லது"வுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?

இலக்கணப்பித்தன்:
ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், இனி முடியாது. "12க்குக் கீழேயும் 135க்குக் கீழேயும்" என்பது எண்ணும்மை, அதாவது அடுக்கிச் சேர்க்கும் "உம்". இரண்டும் சேர்ந்திருந்தால்தான் சீட் கட்டாயம். அப்படியானால் இரண்டில் ஒன்று தவறினாலே கட்டாயம் போய்விடும். வயது தாண்டினாலும் போகும், உயரம் தாண்டினாலும் போகும். ஒருவர் மாட்டும் விதியைச் சொல்கிறார், இன்னொருவர் கழற்றும் விதியைச் சொல்கிறார். மாட்டுவதில் "உம்", கழற்றுவதில் "அல்லது". நீங்கள் இருவரும் காட்டுவது ஒரே சட்டத்தைத்தான். அகலப்பாதை செய்த பிழை, மாட்டும் விதியின் உம்மையைக் கழற்றும் விதியில் கொண்டுபோய் ஒட்டியது.

அகலப்பாதை:
பிழையா? எண்ணும்மை இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டு என்னைப் பிழைங்கறீங்க. நல்லா இருக்கு நியாயம்.

நெடுஞ்சாலை:
பித்தரே, "ஒரே சட்டம்" என்று சொல்லி என்னையும் அவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் சரி, அவர் தவறு. இதற்கு இலக்கணம் தேவையில்லை.

இலக்கணப்பித்தன்:
நீங்கள் சரி என்றுதானே நானும் எழுதினேன்!

நெடுஞ்சாலை:
அதைச் சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கலாம்.

தென்காற்று:
இந்தியச் சட்டத்தை யாரும் தொடவே இல்லையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு: 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். உயரக் கணக்கு கிடையாது, வயது மட்டும். இங்கேயும் ஒரு "அல்லது" இருக்கிறது பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட்டைச் சுற்றிவிட்டு, சட்டப்படி நடந்தேன் என்று மீசை முறுக்கலாம். நெடுஞ்சாலை ஐயாவுக்கு இந்த "அல்லது"வும் இனிக்குமோ?

நெடுஞ்சாலை:
அந்த "அல்லது" வேறு, இந்த "அல்லது" வேறு. குழப்பாதீர்கள்.

பின்சீட்டு அம்மா:
ஆரம்பத்துலேருந்து பூஸ்டர் பூஸ்டர்னு சொல்றீங்களே, எந்த பூஸ்டர்? முதுகு வச்சதா, வெறும் மணையா? முதுகில்லாத மணைக்கு 2017லேருந்து பிரிட்டன்ல புதுசா ஒப்புதல் வாங்குற மாடல் எல்லாம் 125 செ.மீ., 22 கிலோ தாண்டின பிள்ளைக்குத்தான். ஏற்கெனவே வாங்கி வச்ச பழசுக்குத் தடை இல்ல. பக்கவாட்டுல இடிச்சா தலையைத் தாங்க மணையில என்ன இருக்கு?

அகலப்பாதை:
125, 22 கிலோ. ரெண்டும் வேணும். இதோ இன்னொரு "உம்".

நெடுஞ்சாலை:
அது தயாரிப்பாளருக்கான விதி. பெற்றோருக்கு 135. அல்லது 12.

சக்கரம்:
வாடகைக் காரில் ஏறும்போது இந்த 135 எங்கே போகிறது? சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் கீழே சொந்தக் காரில் இருக்கை கட்டாயம், டாக்சிக்கு விலக்கு. பிரிட்டனிலும் சீட் இல்லாத டாக்சியில் பிள்ளை பின்சீட்டில் போகலாம். டாக்சியில் ஏறியதும் இடுப்பெலும்பு முற்றிவிடுமா?

பின்சீட்டு அம்மா:
இவ்வளவு நேரத்துல நீங்க உருப்படியா சொன்ன ஒரே விஷயம் இதுதான் சக்கரம்.

சக்கரம்:
பாராட்டா, குத்தலா என்று புரியவில்லை. டயர் இழைக்கு மன்னிப்பு கேட்டால் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

பின்சீட்டு அம்மா:
கேக்கமாட்டேன். அன்னைக்கு நான் சொன்னது சரி.

புது அப்பா:
வணக்கம். அந்தக் கார் சீட் இழையில் முதல் கேள்வி கேட்டது நான்தான். பெண்ணுக்கு ஒன்பது வயது, வெறுங்காலில் 134, ஷூ போட்டால் 136. வசிப்பது பிரிட்டனில். முதுகு வைத்த பூஸ்டர்தான் இருக்கிறது. மேல்பட்டை தோளில் சரியாக விழுகிறது, ஆனால் தன்னைச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார வைப்பதாக அழுகிறாள். கழற்றலாமா, வேண்டாமா?

பின்சீட்டு அம்மா:
பூஸ்டரை எடுத்துட்டு வெறும் சீட்ல உட்கார வச்சுப் பாருங்க தம்பி. முழங்கால் விளிம்புல மடங்கலன்னா கழற்றாதீங்க. ஷூவை வச்செல்லாம் அளக்காதீங்க.

ரைன்கரை:
இங்கே என்றால் கேள்வியே வந்திருக்காது. 150.

நெடுஞ்சாலை:
தம்பி, நல்ல நேரத்தில் வந்தீர்கள். வயது 9, உயரம் 134. இரண்டும் எட்டவில்லை, ஆகவே சீட் வேண்டும். இன்னும் ஒரு சென்டிமீட்டர் வளரட்டும். அகலப்பாதை சொல்வது போல இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

அகலப்பாதை:
"இரண்டும்"னு எழுதியிருக்கீங்க சார்.

நெடுஞ்சாலை:
அது முற்றும்மை, முழுமையைக் காட்டும் "உம்".

இலக்கணப்பித்தன்:
அது மட்டும்தான் இந்த இழையில் நீங்கள் சொன்ன சரியான இலக்கணம்.

நெடுஞ்சாலை:
"மட்டும்தான்" என்றால் என்ன அர்த்தம் ஐயா? முதல் பதிவிலிருந்து நான் எழுதியதில் எது தவறு? வரிசையாக எடுத்துப் போடுங்கள். இரவு முழுக்க இங்கேதான் இருப்பேன்.