மைவி 1.3: கை வைக்க முடியாத அளவு சூடாகும் விவிடி சொலினாய்டு, பார்த்தவர்கள் எழுதவும்

பட்டறை அண்ணன், சுங்கை சிப்புட்
பழைய பெரோடுவா மைவி கார், கே3-விஇ இன்ஜின். விவிடி சொலினாய்டு என்பது மின்சாரத்தால் எண்ணெய் ஓட்டத்தைத் திறந்து மூடி, வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் கோணத்தை மாற்றும் சாமான். தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டி. நின்றபடி ஓடும்போது (ஐட்லிங்) இன்ஜின் ஆடுகிறது, மேட்டில் இழுப்பதில்லை, ஸ்கேனரில் பி0011, அதாவது கேம் கோணம் சரியில்லை என்ற கோளாறு எண். கழற்றிப் பார்த்தால் சொலினாய்டு கனெக்டர் பழுப்பேறி வளைந்திருந்தது.

சூடாக இருக்கிறது என்பதற்காக மட்டும் புதுசு வாங்க ஓடாதீர்கள். இது இன்ஜின் ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கும் சாமான். உள்ளே ஓடும் எண்ணெயே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஹெட்டையும் சொலினாய்டின் காயிலையும் (செம்புச் சுற்று) பக்கத்தில் பக்கத்தில் அளந்து பாருங்கள். காயில் மட்டும் எகிறினால்தான் கோளாறு. பெரும்பாலும் உள்ளே ஸ்பூல், அதாவது எண்ணெய் வழியைத் திறந்து மூட நகரும் தண்டு, எண்ணெய்ப் பிசினில் ஒட்டியிருக்கும். கேம் கோணம் வரவில்லையே என்று ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கரண்ட்டை ஏற்றிக்கொண்டே போகும், காயில் வேகும்.

மீட்டர் தம்பி, தாப்பா
அண்ணே, ஓம்ஸ் அளவு முக்கியம். இந்த வகைக்கு ஆறிய நிலையில் 7 ஓம்ஸ் சுற்றி வரும். சூட்டில் அளந்தால் 9 காட்டும்; அது செம்பின் இயல்பு, பழுதில்லை. 4 காட்டினால் உள்ளே சுற்று ஷார்ட். முழு 14 வோல்ட் ஏறும்போது 7 ஓம்ஸில் 28 வாட், 4 ஓம்ஸில் 49 வாட். உருகாமல் என்ன செய்யும்?

அடுத்து, ஐட்லிங்கில் கனெக்டரைக் கழற்றுங்கள். ஆட்டம் நின்றால் சிக்னல் பக்கம் கோளாறு: ஒயர் அல்லது ஈசியூ. ஆட்டம் அப்படியே இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு 5 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து பேட்டரியிலிருந்து சொலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுங்கள். இன்ஜின் தடுமாற வேண்டும், அணைந்தாலும் சரி. அசையவே இல்லை என்றால் ஸ்பூல் செத்தது, இல்லை எண்ணெய் வழி அடைப்பு. இரண்டு வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நீண்ட நேரம் பிடித்தால் நல்ல காயிலும் கருகலாம்.

செம்பனை லோரி, பீடோர்
இங்கே வந்த ஒன்றில் சொலினாய்டு நல்லா இருந்தது. எலி ஒயரைக் கடித்து, செம்பு பாடியில் உரசிக்கொண்டிருந்தது. லயத்து ஓரம் நிறுத்தும் வண்டி, வேறென்ன. பி0010 (சொலினாய்டு மின்சுற்றுக் கோளாறு எண்) வந்தால் முதலில் ஒயரைத் தடவிப் பாருங்கள். டேப் சுற்றி விடாதீர்கள். வெட்டி ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். உருகிய கனெக்டரையும் மாற்றுங்கள், உள்ளே தளர்ந்த ஊசியே தனியாகச் சூடேறும்.

பட்டறை அண்ணன், சுங்கை சிப்புட்
சரியாச் சொன்னீங்க. என் கேஸில் 7.2 ஓம்ஸ், ஒயர் சுத்தம். ஆக ஸ்பூல்தான். ஒரே ஒரு 10 எம்எம் போல்ட். நேராக இழுக்காமல் லேசாகத் திருப்பித் திருப்பி எடுக்கணும். கார்ப் கிளீனரை ஸ்பூல் துளைகளில் மட்டும் அடிக்கணும், காயில் பக்கம் வேண்டாம். 12 வோல்ட் தொட்டுத் தொட்டு எடுத்தால் ஸ்பூல் சில மில்லிமீட்டர் 'டக்'கென்று நகரணும், விட்டதும் தானே திரும்பணும். பாதியில் நின்றால் தூக்கிப் போடுங்கள். ஓ-ரிங் புதுசு, எண்ணெய் தடவிப் போடணும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், அப்புறம் அது தனிக் கதை.

எண்ணெயையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், 5டபிள்யூ-30 போதும். கித்தாக் காட்டில் மெதுவாக ஓடி ஓடி நிற்கும் வண்டிக்கு மைலேஜ் கணக்கு ஏமாற்றும். கிலோமீட்டரை விட்டு, மாதத்தைக் கணக்கு வைத்து மாற்றணும். ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டி சாமான் கடை) சொலினாய்டு வாங்கினால் ஓம்ஸ் பார்த்து, 12 வோல்ட் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் வழியின் வடிகட்டி வலையில் உலோகத் தூள் மினுங்கினால் சொலினாய்டை விடுங்கள், செயினையும் பேரிங்கையும் பாருங்கள்.